ஓய்வுநாள்: எந்த நாள், யாருடைய ஓய்வு?

கொலையையும் களவையும் பொய்ச்சாட்சியையும் தடுக்கும் கட்டளைகள் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்துமா என்று எந்தச் சபையும் கேட்டதில்லை. அதே கற்பலகைகளில் இடம்பெற்ற ஓய்வுநாள் கட்டளையைப் பற்றி மட்டும் முதல் நூற்றாண்டிலிருந்தே கேள்வி ஓயவில்லை. அது இஸ்ரவேலருக்கு மட்டும் தரப்பட்டதா, மனிதகுலம் முழுவதற்குமா? முழுவதற்கும் என்றால், பெரும்பாலான கிறிஸ்தவர்கள் ஏழாம் நாளாகிய சனியை விட்டுவிட்டு ஞாயிறன்று கூடுவது எதனால்? ஞாயிறு பழைய ஓய்வுநாளின் வாரிசா, அதோடு தொடர்பில்லாத புதிய நாளா?

இவற்றுக்கு வந்த பதில்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பார்க்கலாம். சனிக்கிழமையே இன்றும் செல்லும் என்பது ஒன்று. கட்டளை நீடிக்கிறது, நாள் மட்டும் ஞாயிறுக்கு மாறியது என்பது இரண்டாவது. நாளைத் தீர்மானித்தது சபையின் அதிகாரமும் மரபும் என்பது மூன்றாவது. கிறிஸ்துவில் கட்டளை நிறைவேறிவிட்டது, இனி எந்த நாளும் கட்டாயமில்லை என்பது நான்காவது. நடைமுறையில் இவை ஒன்றோடொன்று கலந்தே வந்திருக்கின்றன. விவாதத்தின் பெரும்பகுதி எந்த நாள் என்பதிலேயே செலவாகியிருக்கிறது. கட்டளையின் வாசகமோ யாரெல்லாம் ஓய வேண்டும் என்பதற்கே அதிகச் சொற்களைச் செலவிடுகிறது. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் பார்ப்பது பயன் தரும்.

ஒரே கட்டளை, இரண்டு காரணங்கள்

ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. காரணம் மட்டும் வேறுபடுகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் தேவன் ஓய்ந்ததைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரம் படைப்பைப் பற்றிப் பேசவில்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்ததையும் அங்கிருந்து விடுவிக்கப்பட்டதையும் நினைவுபடுத்துகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டுத் தலைவனைப் போலவே ஓய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறது. படைப்பே அடிப்படை என்றால் கட்டளை எல்லா மனிதருக்கும் உரியது என்று வாதிட இடமுண்டு. எகிப்தின் விடுதலையே அடிப்படை என்றால் அது ஒரு குறிப்பிட்ட மக்களின் உடன்படிக்கை அடையாளமாகத் தோன்றும். பின்னால் வந்த கிறிஸ்தவ வாதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டன என்பதை வைத்தே அவற்றின் போக்கைச் சொல்லிவிடலாம்.

ஆதியாகமம் 2ஆம் அதிகாரம் தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதித்தார் என்கிறது. மனிதர் அதை ஆசரிக்க வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. மனிதர் ஆசரிப்பது முதலில் தென்படுவது மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில்தான். நோவாவோ ஆபிரகாமோ ஓய்வுநாள் ஆசரித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் யூதரான திரிபோவுடன் நடத்திய உரையாடலில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எடுத்துவைத்த வலுவான வாதம் இதுவே. எழுதப்படாததால் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது என்பது மறுதரப்பின் பதில். இருபுறமும் மௌனத்தின் மேல் நிற்கும் வாதங்கள்.

கட்டளை மீறலுக்குத் தண்டனை கடுமையாகவே இருந்தது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவன் கல்லெறிந்து கொல்லப்பட்டதை எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. நெகேமியா 13இல் வரும் காட்சி இன்னும் நுணுக்கமானது. எருசலேமில் குடியிருந்த தீருவின் வணிகர்கள் ஓய்வுநாளில் மீன் விற்கிறார்கள். திராட்சரசம், அத்திப்பழம் என்று சுமைகள் கழுதைகளின் மேல் நகருக்குள் வருகின்றன. ஓய்வுநாளுக்கு முந்திய மாலை இருட்டத் தொடங்கியதும் வாசல்களைச் சாத்தச் சொல்கிறார் நெகேமியா. தம் ஆட்களைக் காவலுக்கு நிறுத்துகிறார். ஓரிரு முறை வணிகர்கள் மதிலுக்கு வெளியே இரவு தங்கிப் பார்க்கிறார்கள். இனி தங்கினால் கைவைப்பேன் என்று அவர் எச்சரித்த பிறகு அவர்கள் வரவில்லை. ஓய்வுநாளை அரசு அதிகாரத்தால் காப்பதற்கு இது பழைய முன்னுதாரணம். பிற்கால ஞாயிறுச் சட்டங்களுக்காக வாதிட்டவர்கள் இதை அடிக்கடி காட்டியதில் வியப்பில்லை.

இயேசுவும் பவுலும்

நற்செய்தி நூல்கள் தரும் சித்திரத்தில் இயேசு ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போகிறார். அதே நாளில் நோயாளிகளைக் குணமாக்கிச் சர்ச்சையிலும் சிக்குகிறார். சீஷர்கள் கதிர் கொய்த விவகாரத்தில், ஓய்வுநாள் மனிதரின் நன்மைக்காக ஏற்பட்டது என்று அவர் வாதிட்டதாக மாற்கு எழுதுகிறார். அவர் ஓய்வுநாளை ரத்து செய்தார் என்று ஒரு தரப்பும், அதன் உண்மையான நோக்கத்தை மீட்டார் என்று மறுதரப்பும் இதே பகுதிகளைக் காட்டுகின்றன. லூக்கா 13இல் கூனியான பெண்ணைக் குணமாக்கியபோது அவர் சொன்ன நியாயம் இரண்டாவது வாசிப்புக்கு நெருக்கமாக இருக்கிறது. ஓய்வுநாளில் மாட்டைக் கட்டவிழ்த்துத் தண்ணீர் காட்டலாம் என்றால், 18 ஆண்டு கட்டுண்டிருந்த ஒரு பெண்ணை அதே நாளில் விடுவிக்கக் கூடாதா என்பது அவர் கேள்வி. விடுதலையையும் ஓய்வுநாளையும் ஒன்றாக இணைக்கும் உபாகமத்தின் குரல் இங்கே கேட்கிறது.

பவுலின் நிருபங்களில் சுருதி மாறுகிறது. ஓய்வுநாள் முதலியவற்றை வைத்து எவரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள், அவை வரப்போவதன் நிழல் என்கிறது கொலோசெயர் 2. ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணலாம், மற்றொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணலாம் என்று ரோமர் 14 விட்டுக்கொடுக்கிறது. கட்டாயம் இல்லை என்போருக்கு இவை முதன்மைச் சான்றுகள். சனிக்கிழமை ஆசரிப்போர், கொலோசெயர் பேசுவது வாராந்தர ஓய்வுநாளைப் பற்றியல்ல, ஆண்டுப் பண்டிகைகளோடு வரும் சடங்கு ஓய்வுகளைப் பற்றியே என்பார்கள். பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாள் என்று ஆண்டு, மாதம், வாரம் என்ற வரிசையில் அந்த வசனம் அமைந்திருப்பதால் இந்த விளக்கம் சற்று வலிந்து சொல்வதாகவே படுகிறது.

ஞாயிறு வந்த வழி

புதிய ஏற்பாட்டில் ஞாயிறுக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகக் குறைவு. துரோவாவில் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியது, கொரிந்தியர் அந்நாளில் காணிக்கை சேர்த்துவைக்கும் ஏற்பாடு, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் கர்த்தருடைய நாள் ஆகிய மூன்றைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள். நாள் மாற்றப்பட்டது என்று எந்த வசனமும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

அடுத்த நூற்றாண்டில் பார்வை தெளிவடைகிறது. கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்று சுமார் 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதினார். அவர் விசாரித்தவர்களில் சபைப் பணி செய்த இரண்டு அடிமைப் பெண்கள் இருந்தார்கள். விடியுமுன் கூடியதற்குக் காரணம் பகலில் அவர்கள் வேலைக்குப் போக வேண்டியிருந்ததுதான் என்று ஊகிப்பது பொருத்தமே. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறன்று வாசிப்பும் பிரசங்கமும் திருவிருந்தும் நடந்ததையும், அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோருக்காகக் காணிக்கை எடுத்ததையும் விவரிக்கிறார். வேலையை நிறுத்தியதாக அவர் சொல்லவில்லை. அன்று தொழில் அலுவல்களைத் தள்ளிவைப்பதைப் பற்றிய குறிப்பு 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியனிடம் தென்படுகிறது. ஆகவே ஞாயிறு முதலில் ஆராதனை நாளாகப் பிறந்தது. ஓய்வு பின்னால் வந்து சேர்ந்தது.

அந்த ஓய்வைச் சட்டமாக்கியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். 321 மார்ச்சில் வந்த ஆணை, சூரியனின் நாளில் நீதிபதிகளும் நகரவாசிகளும் ஓய வேண்டும் என்றது. உழவர்களுக்கு மட்டும் விலக்கு: பருவம் தப்பினால் விளைச்சல் போய்விடும் என்பது காரணம். ரோமப் பேரரசின் மக்களில் பெரும்பான்மையோர் நிலத்தில் உழைத்தவர்கள் என்பதை நினைத்தால் இந்த விலக்கின் அளவு புரியும். யாத்திராகமம் 34 இதற்கு நேர்மாறானது. உழவு காலத்திலும் அறுவடைக் காலத்திலும்கூட ஓயும்படி சொல்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆணை, ஞாயிறன்று நீதி அலுவல்கள் கூடாவிட்டாலும் அடிமைகளை விடுவிக்கும் செயல் மட்டும் நடக்கலாம் என்றது. அதிகம் பேசப்படாத இந்த ஆணைதான் கட்டளையின் உட்பொருளுக்கு அருகில் நிற்கிறது.

சனிக்கிழமையும் உடனே மறைந்துவிடவில்லை. அன்று சும்மா இருந்து யூதரைப் போல நடக்கக் கூடாது, வேலை செய்ய வேண்டும் என்று 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் விதித்தது. தடுக்க வேண்டிய அளவுக்கு வழக்கம் இருந்தது என்பதே இதன் பொருள். அலெக்சாந்திரியாவும் ரோமும் தவிர ஏறக்குறைய எல்லா இடத்துச் சபைகளும் சனியன்றும் திருவிருந்து கொண்டாடின என்று 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் எழுதுகிறார். எத்தியோப்பியாவில் துறவி எவொஸ்தாத்தேயொஸின் வழிவந்தோர் 14ஆம் நூற்றாண்டிலிருந்து இரண்டு நாளையும் காக்கப் போராடினார்கள். பேரரசர் சரா யாக்கோபின் காலத்தில், 1450இல் கூடிய தெப்ரே மித்மாக் சங்கம் அதை ஏற்றது. சனியா ஞாயிறா என்ற கேள்வியையே கடந்து நின்ற இந்தச் சபையை மேற்கத்திய ஆய்வுகள் பல நேரம் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது நியாயமன்று.

ஞாயிறின் பிறப்பைப் பற்றிய தற்கால ஆய்வில் மூன்று நூல்கள் தவிர்க்க முடியாதவை. உயிர்ப்பு நாள் மாலை விருந்திலிருந்தே ஞாயிறு ஆராதனை வளர்ந்தது, ஓய்வு கான்ஸ்டன்டைனோடு வந்தது என்றார் வில்லி ரோர்டோர்ஃப் (1962). சனிக்கிழமை ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையின் அறிஞர் சாமுவேலே பாக்கியோக்கி, ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வை 1977இல் நூலாக்கினார். பேரரசர் ஹாட்ரியன் காலத்து யூத எதிர்ப்புச் சூழலில் ரோமச் சபையே ஞாயிறைப் புகுத்தியது என்பது அவர் முடிவு. டி. ஏ. கார்சன் தொகுத்த 1982ஆம் ஆண்டுத் தொகுதி அதை மறுத்தது. ஞாயிறு ரோமுக்கு வெளியிலும் முன்பே வேரூன்றியிருந்தது, ஆனால் அது இடம்மாறிய ஓய்வுநாள் அன்று என்பது அத்தொகுதியின் நிலை. யூத வெறுப்பு ஞாயிறின் வரலாற்றில் கலந்திருக்கிறது என்ற பாக்கியோக்கியின் கவனிப்பு தள்ள முடியாதது. 2ஆம் நூற்றாண்டில் ஒரு சபை புகுத்திய வழக்கம் எதிர்ப்பின் சுவடே இல்லாமல் எல்லா இடத்திலும் பரவியது எப்படி என்ற கேள்விக்கு அவரிடம் போதிய பதில் இல்லை.

சீர்திருத்தவாதிகளின் தளர்வு

சீர்திருத்தத்துக்கு முன்பே, இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் கட்டளையை இரண்டாகப் பிரித்தார். தேவனுக்கென்று நேரம் ஒதுக்குவது என்றும் மாறாத ஒழுக்கம். ஏழாம் நாள் என்பது மாறக்கூடிய சடங்கு. ஞாயிறு வந்தது சபையின் ஏற்பாட்டாலும் மக்களின் வழக்கத்தாலும். இந்த நேர்மையான பதில் பின்னர் கூர்மையான ஆயுதமாயிற்று. வேதத்தில் உள்ள நாளையே மாற்ற சபைக்கு அதிகாரம் இருந்ததல்லவா என்று கத்தோலிக்க வாதிகள் புராட்டஸ்டண்டுகளை மடக்கினார்கள். லூத்தரன் தரப்பின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் அறிக்கை அதற்கு நேராகவே பதில் சொன்னது: ஓய்வுநாளை நீக்கியது வேதமே, மக்கள் கூடிவர ஒரு நாள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே ஞாயிறு.

லூத்தர், கால்வின் இருவரும் ஞாயிறைப் பற்றிப் பிற்காலச் சீடர்களைவிடத் தளர்வாகப் பேசினார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். எந்த நாளும் மற்ற நாளைவிடப் புனிதமன்று, வாரம் முழுவதும் பாடுபடும் வேலையாட்களுக்கு உடல் ஓய்வு தேவை, வசனம் கேட்க நேரமும் தேவை என்று 1529ஆம் ஆண்டுப் பெரிய ஞானோபதேசத்தில் லூத்தர் விளக்கினார். கால்வின் கட்டளைக்கு மூன்று நோக்கம் கண்டார்: தன் செயல்களை விட்டு தேவன் நம்மில் செயல்பட இடங்கொடுத்தல், கூடி ஆராதித்தல், கீழ்ப்பட்டு உழைப்போருக்கு இளைப்பாறுதல். ஏழு என்ற எண்ணை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கே இறை ஆணை இல்லை என்றால், ஒரு முதலாளி மாதத்துக்கு ஒரு நாள் போதும் என்றால் எதைச் சொல்லித் தடுப்பது? இந்த நிலையின் பலவீனம் அங்கே இருக்கிறது.

இங்கிலாந்தில் கடினமான ஞாயிறு

1595இல் நிக்கோலஸ் பவுண்ட் என்ற பியூரிட்டன் போதகர் ஓய்வுநாளைப் பற்றி எழுதிய நூல், படைப்பிலேயே ஊன்றிய கட்டளை ஞாயிறின் மேல் முழுவதும் இறங்குகிறது என்று வாதிட்டது. அங்கிருந்து இறையியல் வாதம் அரசியல் வாதமாயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு நடனம், வில்வித்தை, தாண்டுதல், மே மாத விளையாட்டுகள் ஆகியவற்றுக்குத் தடையில்லை என்று 1618இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஓர் ஏட்டின் மூலம் நாடு முழுவதற்கும் அறிவித்தார். உழைக்கும் மக்களுக்கு வேறு எந்த நாளில் பொழுதுபோக்கு என்பது அரசரின் நியாயம். ஆராதனைக்கு வராதவர்களுக்கு விளையாட்டு உரிமை இல்லை என்ற நிபந்தனையும் இருந்தது. முதலாம் சார்லஸ் 1633இல் அதை மீண்டும் வெளியிட்டுப் போதகர்கள் சபையில் வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மறுத்த சிலர் பதவி இழந்தார்கள். 1643இல் நாடாளுமன்ற ஆணைப்படி அந்த ஏடு பகிரங்கமாக எரிக்கப்பட்டது.

வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 1640களில் பியூரிட்டன் நிலையை நிரந்தர வாசகமாக்கியது. உலகத் தொடக்கம் முதல் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் வரை வாரத்தின் கடைசி நாள். அது முதல் உலக முடிவு வரை முதல் நாள். தவிர்க்க முடியாத வேலைகளுக்கும் இரக்கச் செயல்களுக்கும் மட்டும் விலக்கு. உலகியல் பேச்சும் பொழுதுபோக்கும்கூட விலக்கப்பட்டன. பிரெஸ்பிட்டேரியன் உலகம் முழுவதும் இந்த வாசகத்தில் வளர்ந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் ஸ்காட்லாந்தின் எரிக் லிடல் ஓட மறுத்து, 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே ஸ்காட்லாந்தில், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறையிலிருந்து ஞாயிறு படகுப் போக்குவரத்து தொடங்கியது 2009 ஜூலையில்தான், அதுவும் எதிர்ப்புகளுக்கு நடுவே.

இந்த நிலையின் பலம், கட்டளையை முழுமையாக எடுத்துக்கொள்வது. நாள் முழுவதையும் கேட்பது. நாள் மாறியதற்கு நேரடி வசனம் இல்லாததே இதன் பெரிய ஓட்டை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்னர் ஏட்டின் உள்நோக்கம் எதுவாயினும், கூலியாளுக்கு வேறு நாள் ஏது என்ற அதன் கேள்விக்குப் பியூரிட்டன் தரப்பில் கிடைத்த பதில் மெலிந்ததே. ஓய்வே கடமையாகி இறுகும்போது அது யாரை இளைப்பாற்றுகிறது என்ற கணக்கு தவறிப்போகிறது.

சனிக்கிழமைக்குத் திரும்பியவர்கள்

ஓய்வுநாள் கட்டளை அப்படியே செல்லும் என்றால் நாளும் அப்படியே செல்ல வேண்டுமே என்று கேட்டவர்கள் பியூரிட்டன் வாதத்தின் நேர்ப் பிள்ளைகள். ஜான் டிராஸ்க் 1618இல் இதற்காக லண்டனில் தண்டிக்கப்பட்டார். ஏழாம் நாள் பாப்திஸ்தர்கள் இங்கிலாந்தில் உருவாகி, 1671இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு நியூபோர்ட்டில் சபை தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரேச்சல் ஓக்ஸ் வழியாக இந்தப் போதனை நியூ ஹாம்ப்ஷயரில் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை எதிர்பார்த்த அட்வென்ட் நம்பிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. 1863இல் அமைப்பான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை இன்று உலகம் முழுவதும் 2 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. வெள்ளி மாலைச் சூரிய அஸ்தமனம் முதல் சனி மாலை வரை அவர்கள் ஓய்கிறார்கள். தர்க்க ஒழுங்கில் இந்த நிலையை மிஞ்சுவது கடினம். பவுலின் நிருபங்களும் இரண்டாம் நூற்றாண்டுச் சான்றுகளும்தான் இதற்குத் தொல்லை தருகின்றன. ஞாயிறு ஆராதனையைக் கடைசிக்கால விசுவாசத் துரோகத்தோடு முடிச்சுப் போடும் அவர்களது தீர்க்கதரிசன விளக்கத்தை மற்றச் சபைகள் ஏற்றதில்லை.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அட்வென்டிஸ்டுகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அது தொடங்கிவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தின் ஆங்கிலிக்கன் மிஷனில் பணியாற்றிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனரிகளோடு முரண்பட்டு 1857இல் அருகிலுள்ள பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார். அவர் சார்ந்த சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் கிளப்பிய மனக்காயமும் அந்தப் பிளவின் பின்னணியில் இருந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த சடங்குகளைத் தள்ளி, எபிரெய வேதத்தின் முறைகளை நேரடியாக எடுத்துக்கொண்டது அந்தச் சபை. சனிக்கிழமையே ஓய்வுநாள், திருவிருந்தில் புளிக்காத திராட்சைரசம், வழிபாட்டில் தூபம். மிஷன் அதிகாரத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற வேகத்தில் ஞாயிறையே வெள்ளைக்காரரின் நாளாகக் கண்டு, அதைவிடப் பழைய நாளுக்குத் திரும்பியது இது. பின்னாளில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் பிரகாசபுரத்தைத் தேடி வந்து பணி தொடங்கியதற்கு, அங்கே ஏற்கெனவே சனிக்கிழமை ஆசரித்த ஒரு கூட்டம் இருந்தது முக்கியக் காரணம். நாளைப் பற்றிய வாதம் அதிகாரத்தைப் பற்றிய வாதமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தொழிலாளியின் நாள்

19ஆம் நூற்றாண்டின் ஆலைகள் கேள்வியைப் புதிய இடத்துக்கு நகர்த்தின. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுத் திருமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாகப் பேசினார். அதற்கு ஓராண்டு முன் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் ஆலைத் தொழிலாளர்கள் போராடி ஞாயிறு விடுமுறையைப் பெற்றிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். வேதத்தைக் காட்டாமலே உபாகமத்தின் பொருள் அங்கே நிறைவேறியது.

1998இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடல், தொடக்க நூற்றாண்டுகளில் ஞாயிறு ஆராதனை நாளாக மட்டுமே இருந்ததை ஒப்புக்கொண்டே, ஓய்வையும் அதோடு பிணைத்தது. மோல்ட்மன், புருக்மன் போன்ற இறையியலாளர்கள் ஓய்வுநாளை இயற்கையைக் காப்பதோடும் சந்தைப் பொருளாதாரத்தை எதிர்ப்பதோடும் இணைத்தார்கள். இந்த வாசிப்பு விவாதத்துக்கு மூச்சுவிட இடம் தந்திருக்கிறது. ஆயினும் ஆராதனையிலிருந்து கழன்றால் ஓய்வுநாள் வெறும் விடுப்பு ஆகிவிடாதா என்ற பழைய தரப்பின் கவலைக்கு இது முழுப் பதில் தரவில்லை.

நீதிமன்றங்களிலும் வழக்கு தொடர்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் காலத்து நான்கு ஞாயிறுகளிலும் பெர்லினில் கடை திறக்க அனுமதித்த சட்டத்தைச் சபைகள் எதிர்த்தன. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 டிசம்பரில் சபைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் சனியன்று வேலை செய்ய மறுத்த அட்வென்டிஸ்ட் ஆலைத் தொழிலாளிக்கு வேலையின்மை உதவித்தொகையை மறுக்கக் கூடாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஞாயிறன்று பொதி வழங்க மறுத்த அஞ்சல் ஊழியரின் வழக்கில், 2023இல் அதே நீதிமன்றம் மத ஆசரிப்புக்கு முதலாளி தர வேண்டிய இடத்தை விரிவாக்கியது. அந்த ஊழியர் ஓய்ந்த ஞாயிறுகளில் அவருடைய பொதிகளைச் சுமந்தவர்கள் சக ஊழியர்கள். ஒருவரது ஓய்வு இன்னொருவரின் தோளில் ஏறும்போது கட்டளை நிறைவேறியதா என்பதைச் சட்டம் தீர்க்க முடியாது.

தீராமல் நிற்பவை

சில விஷயங்களில் ஓரளவு உறுதியாகப் பேசலாம். ஞாயிறு ஆராதனை கான்ஸ்டன்டைனுக்கு வெகுகாலம் முந்தியது. ஞாயிறு ஓய்வு அந்த ஆராதனைக்குப் பிந்தியது. நாள் மாறியது என்று அப்போஸ்தலர்கள் அறிவித்ததற்கு எழுத்துச் சான்று இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சனி ஞாயிறாக இடம்மாறியது என்ற இரண்டாம் நிலை வரலாற்று அடிப்படையில் மற்றவற்றைவிடப் பலவீனமானது என்று சொல்லலாம். ஆனால் வாரத்தில் ஒரு முழு நாளை உழைப்பிலிருந்து பறித்துத் தந்ததில் அதன் பங்கு பெரிது.

முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூதக் கிறிஸ்தவர்கள் இரண்டு நாளையும் எவ்வாறு ஆசரித்தார்கள் என்பது இன்னும் ஊகமே. ஆதியாகமத்தின் ஏழாம் நாள் மனிதருக்கான கட்டளையா, தேவனைப் பற்றிய செய்தியா என்பதில் கற்றோர் ஒத்துப்போவதற்கான அறிகுறி இல்லை. எபிரெயர் 4 வாக்களிக்கும் இளைப்பாறுதல் வாராந்தர நாளை மிச்சமின்றி விழுங்கிவிடுகிறதா, முன்சுவையாக விட்டுவைக்கிறதா என்பதும் அவ்வாறே.

இவற்றோடு ஒப்பிட, குறைவாக ஆராயப்பட்ட கேள்வி ஒன்று கட்டளையின் வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, அந்நியன் என்று நீளும் பட்டியலில் மனைவி இல்லை. கணவனை விளித்தபோதே அவளும் அடங்கிவிட்டாள் என்பது வழக்கமான விளக்கம். மன்னா காலத்திலிருந்து ஓய்வுநாளுக்கான உணவு முந்திய நாளிலேயே ஆயத்தமாக வேண்டும் என்பது விதி. அட்வென்டிஸ்ட் வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு ஆயத்த நாள் என்றே பெயர். ஞாயிறு ஆசரிக்கும் வீடுகளிலோ ஆராதனை முடிந்து வந்த பிறகுதான் வாரத்தின் பெரிய சமையல். எந்த நாளை ஆசரித்தாலும் அந்த ஆயத்தத்தையும் அந்தச் சமையலையும் செய்கிறவரின் ஓய்வு எங்கே வருகிறது என்பதை, மேலே கண்ட நான்கு தரப்பில் எதுவும் இன்னும் தன் மையக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.